எலிசபெத் பண்ணை வீடு: ஒரு மனையின் உரிமை வரலாறு

யாழ்ப்பாணத்தார் ஒரு வீட்டைப் பற்றி விசாரிக்கப் புகுங்கால் அதன் தூண்களையும் திண்ணைகளையும் பற்றி முதலில் வினவுவதில்லை. அவ்வீடு எவர்க்கு எவ்வழி வந்தது என்பதையே வினவுவர். முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கிடைத்துவிட்டால், அக்குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையும் தானே வெளிப்பட்டுவிடும். 1707 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் எழுத்திற் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் இன்றும் நம்மவர் உறுதிகளில் உயிர்வாழ்வதால், இவ்வினாக்கள் நம் நாவிற் பழகிப்போயின.

இவ்வினாக்களைக் கடல் கடந்த ஒரு வீட்டின்மீது செலுத்திப் பார்ப்பது யாம் இக்கட்டுரையில் மேற்கொண்ட முயற்சியாகும். அவ்வீடு அவுஸ்திரேலியாவில், சிட்னி நகரின் மேற்கே, பரமற்றாவை அடுத்த றோஸ்ஹில் என்னும் புறநகரில் உள்ளது. எலிசபெத் பண்ணை என்பது அதன் பெயர். அதனைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் இரண்டு. நம் பழைய மாணவருட் பலர் இன்று சிட்னியின் மேற்குப் பகுதிகளிற் குடியிருக்கின்றனர். மேஸ் ஹில்லில் உள்ள முருகன் கோவிலுக்குச் செல்வோரும் ஹரிஸ் பார்க் கடைத்தெருவிற் தோசைக்குச் செல்வோரும் அவ்வீட்டுக்குச் சில கிலோமீற்றர் தூரத்திலேயே போய்வருகின்றனர். ஆயினும் உள்ளே சென்று பார்த்தோர் மிகச் சிலரே. மற்றைய காரணம், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பாரம்பரியப் பதிவேட்டில் முதலாம் இலக்கம் பெற்று நிற்பது இவ்வீடே என்பதாம். 1793 ஆம் ஆண்டிற் கட்டிய சிறு வீட்டின் சுவர்கள் இன்றைய வீட்டினுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. அக்கண்டத்தில் ஐரோப்பியர் கட்டியவற்றுள் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடம் இதுவே என்று கொள்வர்.

முதல் உரிமையாளர் எவர் என்னும் வினாவிலேயே உறுதி நம்மைக் கைவிட்டுவிடுகின்றது. அந்நிலம் தாருக் மக்களுள் ஒரு பிரிவினரான புறமற்றகால் என்போருடையது. பரமற்றா என்னும் ஊர்ப்பெயரே அவர்கள் பெயரோடு தொடர்புடையது. விலாங்கு மீன் தங்கும் இடம் என்பது அதன் பொருளென்பர். ஆற்றின் உவர்நீரும் நன்னீரும் கலக்கும் இடத்தில் அவர்கள் எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்தனர். அவர்களிடம் நிலத்தை எவரும் விலைக்கு வாங்கவில்லை, ஒற்றிக்கும் பெறவில்லை. 1788 இல் ஆங்கிலேயர் வந்திறங்கி, நிலம் முழுவதும் முடிக்குரியதெனக் கொண்டு, பின்னர் அதனைத் தம்மவர்க்குக் கொடையாக எழுதிக் கொடுத்தனர். ஆகவே இவ்வீட்டின் முதல் உறுதி முதுசமுமன்று, சீதனமுமன்று, தேட்டமுமன்று. நம் தோம்புகளில் அதற்கு ஓர் இனம் வகுத்திருந்தாரல்லர்.

அக்கொடையைப் பெற்றவர் யோன் மக்காதர். 1790 இல் மனைவி எலிசபெத்துடனும் கைக்குழந்தை எட்வேர்டுடனும் இரண்டாம் கப்பற்றொகுதியில் வந்திறங்கிய படையதிகாரி அவர். குற்றவாளிகளை ஏற்றிவந்த அக்கப்பல்களில் நோயாலும் பட்டினியாலும் மாண்டோர் பலர். எலிசபெத் அப்பயணத்திற் பெற்ற பெண்குழந்தையும் பிழைக்கவில்லை. 1793 பெப்ரவரியில், தேசாதிபதி பிலிப் நாடு திரும்பியபின் ஆட்சியை நடத்திய மேஜர் குறோஸ், தம் படையினர்க்கு நிலங்களை வாரி வழங்கினார். மக்காதருக்கு 100 ஏக்கர் கிடைத்தது. அதில் 50 ஏக்கரை முதலில் வெட்டித் திருத்தியவர் என்பதற்காக மறுவருடம் மேலும் 100 ஏக்கர் கிடைத்தது. வெட்டித் திருத்தியது அவர் கையன்று. சிறைப்பட்டு நாடுகடத்தப்பட்ட ஏழைகளின் கை. அரசாங்க வேலைகளின் மேற்பார்வையாளராகவும் அவரே இருந்தமையால், ஆட்களுக்குக் குறைவிருக்கவில்லை.

1793 ஆம் ஆண்டு இறுதிக்குள் வீடு எழுந்தது. முகப்பின் நீளம் 68 அடி, அகலம் 18 அடி. மேன்மாடம் கிடையாது. நடுவே ஒரு பெருங்கூடம், இருமருங்கும் நான்கு அறைகள், நிலவறை ஒன்று. சமையற்கட்டும் வேலையாட்கள் இருப்பிடமும் தனியே. சுவர் செங்கல்லாலானது. சுண்ணாம்புக் கல் கிடையாத அக்கால சிட்னியிற் சிப்பிகளைச் சுட்டே சுண்ணாம்பு செய்தனர். நம் கரையோரங்களிற் சிப்பியும் முருகைக்கல்லும் சூளையில் வெந்ததை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. இத்தகைய வீட்டுக்கு மனைவியின் பெயரை இட்டார் மக்காதர்.

வீட்டின் பெயர் எலிசபெத்துடையது. வீடோ என்றும் அவருடையதாகவில்லை. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

எலிசபெத் இங்கிலாந்தின் டெவன் மாகாணத்திற் பிரிட்ஜ்றூல் என்னும் சிற்றூரில் 1766 இற் பிறந்தவர். தந்தையார் ஒரு விவசாயி. குடியேற்றத்தின் முதலாண்டுகளிற் கல்வியும் பண்பும் உடைய பெண்ணாக அங்கு வாழ்ந்தவர் மிகச் சிலரேயாகையால், அதிகாரிகள் அவர் வீட்டை நாடி வருவாராயினர். இலெப்டினன் டோஸ் என்பார் அவருக்கு வானநூல் கற்பிக்க முயன்றார். முதற் கப்பற்றொகுதியில் வந்த வோர்கன் என்னும் வைத்தியர் தாம் கொண்டுவந்த பியானோவை நாடு திரும்பும்பொழுது அவரிடமே விட்டுச் சென்றார். அக்கண்டத்துக்கு வந்த முதற் பியானோ அதுவேயாம்.

கணவரோ எவரோடும் ஒத்துப்போகாத இயல்பினர். நியூ சவுத் வேல்ஸ் படையின் அதிகாரிகள் சாராய வாணிகத்தாற் செல்வம் சேர்த்தமையின் அப்படைக்கு 'றம் படை' என்னும் பெயர் நிலைத்தது. அதில் மக்காதர் முன்னின்றவர். 1801 இற் தம் மேலதிகாரியான கேணல் பற்றசனைத் துப்பாக்கிச் சமரிற் காயப்படுத்தியதற்காக விசாரணைக்கென இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அப்பயணம் அவருக்குக் கேடாகாமல் ஆக்கமாகவே முடிந்தது. கூடவே கொண்டு சென்ற கம்பளி மாதிரிகளை அங்குள்ள ஆலைக்காரர்க்குக் காட்டி, மெரினோ ஆட்டின் கம்பளியை அவுஸ்திரேலியாவில் விளைவிக்க இயலுமென்று நம்பச் செய்தார். 1804 இல் மூன்றாம் யோர்ஜ் மன்னரின் மந்தையிலிருந்து ஏலத்தில் மெரினோ ஆடுகளை வாங்கி, மறுவருடம் 'ஆர்கோ' என்னும் கப்பலில் வந்திறங்கினார். கிரேக்கர் புராணத்திற் பொற்கம்பளியைத் தேடிச் சென்ற கப்பலின் பெயரும் அதுவே. கம்டன் பிரபுவின் ஆணைப்படி 5,000 ஏக்கர் மேய்ச்சல் நிலமும் அவருக்குக் கிடைத்தது.

இம்மந்தைக்கு அடித்தளம் இட்டவை மெரினோக்கள் அல்ல என்பதை இங்கே சொல்லிவைத்தல் தகும். 1794 அளவில், இந்தியாவிலிருந்து வந்த கப்பலொன்றில் மக்காதர் 60 வங்காள ஆடுகளை வாங்கியிருந்தார். அயர்லாந்து ஆடுகளோடு அவற்றைச் சேர்த்தபொழுது குட்டிகளின் மேல் மயிரும் கம்பளியும் கலந்து வளர்ந்ததைக் கண்டே, கம்பளி ஆட்டை வளர்க்கும் எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. உலகத்தின் முதன்மையான கம்பளி நாடொன்றின் தொடக்கத்தில் வங்காளத்து ஆடுகள் நிற்பதை நம் மாணவர் நினைவிற் கொள்ளட்டும்.

1808 சனவரி 26 ஆம் நாள் படையினர் தேசாதிபதி பிளையைச் சிறைப்பிடித்தனர். மக்காதரின் வழக்கு அதற்கு உடனடிக் காரணமாயிருந்தது. 1809 இல் அவர் தம் இளைய புதல்வர் இருவரையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். திரும்பினாற் கைதாகும் நிலை இருந்தமையால் 1817 வரை அங்கேயே தங்க நேர்ந்தது. முன்னைய நான்கு ஆண்டுகளையும் இவ்வெட்டு ஆண்டுகளையும் கூட்டினாற் பன்னிரண்டுக்குக் குறையாது. அக்காலமெல்லாம் பண்ணையையும், ஆயிரக்கணக்கான ஆடுகளையும், வேலையாட்களையும், வீட்டையும் நடத்தியவர் எலிசபெத். ஆடு மேய்ப்போர்க்குக் கட்டளையிட்டவரும், கம்பளி தரம் பிரித்ததை மேற்பார்த்தவரும், கணக்கெழுதியவரும் அவரே. 1822 இல் இலண்டனிலுள்ள கலைக் கழகம் சிறந்த கம்பளிக்காக இரண்டு தங்கப் பதக்கங்கள் வழங்கிற்று. இரண்டும் யோன் மக்காதர் பெயரிலேயே வழங்கப்பட்டன. 1966 முதல் 1988 வரை வழக்கிலிருந்த அவுஸ்திரேலிய இரண்டு டொலர்த் தாளிலும் ஒரு மெரினோக் கடாவோடு காட்சியளித்தவர் கணவரே.

இது தனிமனிதர் செய்த அநீதியன்று; சட்டத்தின் நிலை அத்தகையது. அக்கால ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி மணமான பெண்ணுக்குக் கணவனின் வேறான சட்ட ஆளுமை கிடையாது. அவள் உழைத்தது அவனுடையது. கொணர்ந்ததும் பெரும்பாலும் அவனுடையதே. நியூ சவுத் வேல்ஸில் 1879 இற் சிறிதளவும், 1893 இல் ஓரளவு நிறைவாகவும் இந்நிலை திருத்தப்பட்டது. நம் தேசவழமையில் மனைவியின் சீதனம் மனைவியுடையது. தேடிய தேட்டத்தில் இருவர்க்கும் பங்குண்டு. காணியைக் கைமாற்றுவதற்குக் கணவன் சம்மதம் வேண்டும் என்னும் கட்டுப்பாடு அதிலும் உண்டு என்பதை மறைத்துப் பெருமை பேசுதல் முறையன்று. ஆயினும் எலிசபெத் அம்மையார் வண்ணார்பண்ணையிற் பிறந்திருந்தால், அவ்வெட்டு ஆண்டுகளின் தேட்டத்தில் அவருக்குரிய பாதியை எவரும் மறுத்திருக்க இயலாது என்பதே எமது துணிபு.

இனி வீட்டின் அமைப்புக்கு வருவோம். இன்று அதனைக் காணும் நம்மவர் கண்ணுக்கு முதலிற் தோன்றுவது அதன் விறாந்தை. தாழ்ந்து இறங்கும் கூரை. அதன் கீழே மெல்லிய தூண்கள். கற்பரப்பிய அகன்ற நடை. மலைநாட்டுத் தோட்டத்துரைமாரின் வங்களாக்களையும், நம் நகரங்களிலுள்ள பழைய கச்சேரி விடுதிகளையும் அறிந்தோர் இது எங்கோ கண்ட வீடென்றே எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையன்று. வங்களா என்னும் சொல் வங்காளத்திலிருந்து வந்தது. விறாந்தை என்பதும் இந்தியக் கரைகளிற் போர்த்துக்கேயர் வழி ஆங்கிலத்திற் புகுந்த சொல்லே. வெயிலும் மழையும் மிகுந்த நாடுகளிற் பணிபுரிந்த ஆங்கிலேயர் அச்சொற்களோடு அக்கட்டட முறையையும் தெற்கே கொண்டு சென்றனர். இங்கிலாந்துக் குடியானவர் வீட்டைப் போன்று முகப்பு மறைப்பின்றி எழுந்த அவ்வீட்டுக்குச் சிட்னி வெயிலே விறாந்தையைக் கற்பித்தது எனலாம்.

இன்றைய உருவத்துக்குப் பெரும்பாலும் காரணமாயினவை 1826 முதல் மக்காதர் செய்வித்த திருத்தங்களாகும். அப்பொழுது அவர் மனம் நிலைகுலையத் தொடங்கியிருந்தது. கட்டுவதிலே அளவிறந்த ஆசை, சுவர்களை இடிப்பித்துப் பின்னும் கட்டுவிப்பார், வேலை முடிந்தபாடில்லை. 1832 இல் அவர் சித்தசுவாதீனமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். ஐம்பது வயதைத் தாண்டியும் ஏழு பிள்ளைகளை வளர்த்தும் குடும்பத்தைக் காத்த மனைவியின்மீதே ஐயம் கொண்டு அவரை வெறுத்தார். எலிசபெத் தம் பெயர் தாங்கிய வீட்டைவிட்டு வெளியேறி, மகள் வீட்டில் ஒதுங்க நேர்ந்தது. 1833 இற் கணவரைக் கம்டனுக்குக் கொண்டு சென்றபின்னரே திரும்பினார். மறுவருடம் ஏப்பிரல் மாதத்தில் மக்காதர் கம்டனிற் காலமானார். எலிசபெத் அவரைக் குறித்து எழுதிய கடிதங்களில் வெறுப்பு மொழி காண்பதரிது.

எலிசபெத் பண்ணை மூத்த மகன் எட்வேர்டின் உரிமையாயிற்று. அவர் சிறு வயதிலேயே கல்விக்கென இங்கிலாந்து அனுப்பப்பட்டுப் படையிற் சேர்ந்தவர். வீட்டில் வாழ்ந்த நாட்கள் மிகச் சில. தாயார் மகனுடைய வீட்டிற் குடியிருப்பவராக 1850 வரை வாழ்ந்து இறந்தார். இருந்தவர் உரிமையாளரல்லர், உரிமையாளர் இருந்தவரல்லர் என்னும் இந்நிலை இவ்வீட்டுக்கு இதன்பின் வழக்கமாகிவிட்டது. வாடகைக் குடிகள் வந்தனர், போயினர். எட்வேர்ட் சேர் பட்டம் பெற்று, 1856 இல் விக்ரோறியாவின் ஆட்சியைத் தற்காலிகமாக நடத்தி, 1872 இல் இலண்டனில் மகவின்றி இறந்தார்.

சந்ததியின்மையால் உரிமை தம்பி யேம்ஸ் என்பாரின் மகளை அடைந்தது. அவர் பெயரும் எலிசபெத். எண்பதாண்டுக்குச் சிறிது குறைவான காலத்தின் பின்னர் இவ்வீடு ஓர் எலிசபெத்துக்கு உரித்தாயிற்று. அவர் கணவர் கப்டன் ஆர்தர் ஒன்சிலோ, கடற்படையினர். நம் வாசகர் கவனத்துக்கு ஒன்று: இந்த ஒன்சிலோ பிறந்த ஊர் திருச்சிராப்பள்ளி. கும்பினியின் சென்னை ஆட்சியில் உத்தியோகம் பார்த்தவரின் புதல்வராக 1833 இற் காவிரிக்கரையிற் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் சிட்னியிற் குடியேற்றச் செயலாளராயிருந்த அலெக்சாந்தர் மக்கிளே. அக்கால ஆட்சியாளர் குடும்பங்கள் சென்னைக்கும் சிட்னிக்கும் இடையே எவ்வளவு நெருங்கப் பின்னிக் கிடந்தன என்பதை இவ்வொரு திருமணமே காட்டும்.

ஒன்சிலோ குடும்பத்தாரின் மனம் கம்டனிலேயே இருந்தது. 1881 இல், ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்டிருந்த எலிசபெத் பண்ணை முழுவதும் செப்டிமஸ் ஸ்ரீவன் என்பாருக்கு விற்கப்பட்டது. மேய்ச்சல் நிலத்தை அளந்து துண்டாக்கி வீட்டு மனைகளாக விற்பதே வாங்கியவர் நோக்கம். புகையிரதப் பாதை நெருங்கியிருந்தது, சிட்னி பெருகிக்கொண்டிருந்தது. தெருக்கள் குறிக்கப்பட்டன. நிலத்தின் ஒரு பகுதி 1885 இற் குதிரைப்பந்தயத் திடலாயிற்று. அத்திடல் இன்றும் உள்ளது. 2025 மே மாதத்தில் அதனை விற்று ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டும் யோசனையைப் பந்தயக் கழகத்து உறுப்பினர் வாக்களித்து மறுத்தனர். ஆக, மக்காதர் நிலத்தைத் துண்டாடும் வேலை நூற்றுநாற்பது ஆண்டுகளின் பின்னரும் முற்றுப்பெறவில்லை.

மனைகள் விலைப்பட்டன, பழைய வீடு மட்டும் எவர்க்கும் வேண்டாததாய் நின்றது. புறநகர் என்பது இவ்வாறே பிறக்கின்றது. பண்ணையின் நடுவேயிருந்த வீடு நகராமல் அங்கேயே இருக்க, சுற்றிலும் ஊர் வந்து அதனை ஒரு தெருவோரத்து வீடாக்கிவிடுகின்றது. வாடகைக்கு வந்தவர்கள் கவனிக்கவில்லை. கூரை ஒழுகிற்று. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபொழுது அது பாழ்வீடு.

1904 இல் வில்லியம் சுவான் என்பவர் அதனையும் சூழவிருந்த சில ஏக்கர் நிலத்தையும் வாங்கினார். பெரிய குடும்பம், பெண்மக்கள் பலர். அவர்கள் ஓட்டையை அடைத்து, குப்பையை அகற்றி, குடிபுகுந்தனர். அதன்பின் 1968 வரை, அறுபத்துநான்கு ஆண்டுகள், அவ்வீட்டில் விளக்கு அணையவில்லை. சுவான் சகோதரிகளிற் சிலர் ஆசிரியப் பணி புரிந்தனர். மாகிறற் சுவான் உள்ளூர் வரலாற்றாராய்ச்சியில் ஈடுபட்டு, பரமற்றாவின் பழமையை எழுத்திற் பதிந்தவர்களுள் ஒருவராயினார். தாம் வசிப்பது எத்தகைய வீடு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வசதியின் பொருட்டு இடித்துக் கட்டிவிடவில்லை. கட்டப் பெரும்பணம் இருக்கவுமில்லை.

எமது கருத்தில், இவ்வீட்டை உயிரோடு நம் காலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் சுவான் குடும்பத்தாரே. மக்காதர் கட்டினார், எலிசபெத் அதனைப் பண்ணையாக்கினார், சட்டம் மிகப் பிந்தியே வந்தது. இடைப்பட்ட காலத்தில் மழைக்கு முன் ஓடு மாற்றி, மாலையிற் கதவடைத்து, காலையிற் சன்னல் திறந்தவர்கள் இவர்கள். ஆளில்லாத வீட்டைக் கறையான் எவ்வளவு விரைவிற் கண்டுகொள்ளும் என்பதை வடபகுதியில் வீடு விட்டுப் போனோர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1968 இல், வீட்டை அரும்பொருளகமாக்கும் நோக்கோடு அமைந்த ஒரு நம்பிக்கைப் பொறுப்பிடம் சுவான் குடும்பத்தார் அதனை ஒப்படைத்தனர். தனியார் முயற்சிக்குப் பணம் போதாதாகவே, பின்னர் அரசாங்கம் பொறுப்பேற்றது. இவ்விடத்தில், பாரம்பரியப் பதிவு என்பது யாது என்பதை விளக்குதல் வேண்டும்.

1970களின் தொடக்கத்திற் சிட்னியிற் பழைய கட்டடங்களையும் வெளிகளையும் அழித்து மாடிகள் எழுப்பும் வேகம் மிகுந்திருந்தது. அதனைத் தடுத்து நிறுத்தியவர்கள் கட்டடத் தொழிலாளர்கள் என்பது கருதத்தக்கது. 1971 இல், ஹண்டர்ஸ் ஹில் என்னும் புறநகர்ப் பெண்கள் சிலர் தம்மூர்க் காடொன்றைக் காக்குமாறு வேண்ட, யாக் மண்டி முதலானோர் தலைமையிலான கட்டட உழைப்பாளர் சங்கம் அவ்விடத்தில் வேலை செய்ய மறுத்தது. அடுத்த சில ஆண்டுகளிற் பல இடங்களுக்கு இத்தடை பரவிற்று. 'பச்சைத் தடை' என்று அதனை அழைத்தனர். கூலிக்காகவன்றிக் கட்டடத்துக்காக வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரை உலகம் அதற்குமுன் அதிகம் கண்டதில்லை. அக்கிளர்ச்சி உண்டாக்கிய சூழலிற் பிறந்ததே 1977 ஆம் ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் பாரம்பரியச் சட்டம். அதன் கீழ் வழங்கிய நிரந்தரப் பாதுகாப்புக் கட்டளைகளுள் முதலாவது எலிசபெத் பண்ணைக்கு உரியது. பின்னர் மாநிலப் பதிவேடு ஏற்பட்டபொழுதும் அம்முதலிலக்கம் அதனையே சார்ந்தது.

பதிவிலேற்றினால் வீடு அரசுடைமையாகிவிடும் என்று அஞ்சுவோர் உளர். அஃது உண்மையன்று. தனியார் வீடு தனியார் வீடாகவே இருக்கும். விற்கலாம், வாடகைக்கு விடலாம், மக்களுக்கு எழுதி வைக்கலாம். பாரம்பரியச் சபையின் அனுமதியின்றி இடிக்கவும், அதன் இயல்பு கெடும்படி மாற்றவும் மட்டும் இயலாது. உரிமை ஒருவரிடம், அக்கறை பலரிடம் என்பதே அதன் தத்துவம். உடையவனுக்கு இது சுமையே என்பதை யாம் மறுக்கவில்லை. பழைய மரத்துக்குப் பழைய மரம், பழைய ஓட்டுக்குப் பழைய ஓடு தேடுவது பணச்செலவு.

நம் நாட்டில் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உண்டு. அது பழங்காலத்துக்கு ஓர் எல்லை வகுத்தது: 1815 மார்ச்சு 2, அதாவது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள். அந்நாளுக்கு முற்பட்டது பழங்கட்டடம். பிற்பட்டதைக் காக்கவேண்டின் தனியே வர்த்தமானியில் அறிவித்தல் வேண்டும். வட மாகாணத்தில் நடுமுற்றத்தைச் சூழ்ந்து தாழ்வாரம் இறக்கிய நாற்சார் வீடுகளிற் பெரும்பாலானவை அத்தேதிக்குப் பிற்பட்டவை. அறிவிப்பு வராதவரையில் அவ்வீடுகளின் காவல் அவற்றை உடையாரின் விருப்பமேயன்றி வேறன்று. உடையாரோ இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் உள்ளனர். தேக்கங் கதவும் நிலையும் தனித்தனியே விலைப்படும் காலமிது.

எலிசபெத் பண்ணை 1984 இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வரலாற்று இல்லங்கள் நம்பிக்கைப் பொறுப்பு என்னும் அரசு நிறுவனம் அதனை நடத்திற்று. இன்று நியூ சவுத் வேல்ஸ் வரலாற்று அருங்காட்சியகங்கள் என்னும் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. அங்கே கையாண்ட முறை ஏனைய இடங்களின் முறைக்கு மாறானது. மக்காதர் குடும்பத்தின் மூலப்பொருள்கள் பெரும்பாலும் கலைந்துபோயினவாகையால், அக்கால மாதிரியைப் பார்த்துச் செய்த நாற்காலிகளும் மேசைகளும் கட்டில்களும் அறைகளில் வைக்கப்பட்டுள்ளன. கயிறு கட்டித் தடுக்கவில்லை. 'தொடாதே' என்னும் பலகை இல்லை. வந்தவர் நாற்காலியில் இருக்கலாம், புத்தகத்தைப் புரட்டலாம், கதவைத் திறந்து அடுத்த அறைக்குப் போகலாம். பிள்ளைகள் ஓடுகின்றனர். பழைய சுவர் தெரியும்படி சில இடங்களிற் பூச்சை விலக்கிவைத்திருக்கின்றனர். 1793 இன் செங்கல்லைக் கையால் தடவிப் பார்க்கலாம். தோட்டத்தில் மக்காதர் காலத்து ஒலிவ மரம் ஒன்று நிற்கின்றது. அந்நாட்டின் மிகப் பழைய ஒலிவ மரங்களுள் ஒன்றாக அதனை எண்ணுவர்.

புறமற்றகால் மக்களைப் பற்றி முன்னர் அங்கு அதிகம் பேசப்படவில்லை, இப்பொழுது பேசப்படுகின்றது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடி 1802 இற் சுட்டுக் கொல்லப்பட்ட பெமுல்வோயின் மகன் ரெட்பரி என்பான் மக்காதர் வீட்டோடு நட்புப் பாராட்டியவன். 1808 இல் மக்காதர் கைதானார் என்று கேட்டு, தேசாதிபதியைக் குத்துவேன் என்று ஈட்டியோடு வந்தானென்பர். நிலத்தை இழந்த குடியின் மகன் அந்நிலத்தைப் பெற்றவருக்காக ஈட்டி தூக்கியதை என்ன சொல்லி விளக்குவது என்பதை வரலாற்றாசிரியர்க்கே விட்டுவிடுகின்றோம்.

சிட்னி வாழ் அன்பர்க்கு இறுதியாக ஒரு சொல். ஹரிஸ் பார்க் புகையிரத நிலையத்தில் இறங்கினால் இவ்வீட்டுக்கு நடந்தே செல்லலாம். அந்நடையிற் சிறிது விலகினாற் பரிசோதனைப் பண்ணைக் குடில் என்னும் மற்றொரு பழைய வீட்டையும் காணலாம். தண்டனை முடிந்த யேம்ஸ் றூஸ் என்னும் விவசாயி 1789 இற் தன் உழைப்பாற் சோற்றுக்கு விளைவிக்க முடியுமா என்று சோதித்துக் காட்டிய நிலம் அது. 1792 இல் அவருக்கு 30 ஏக்கர் உறுதி கிடைத்தது. மறுவருடமே 40 பவுணுக்கு யோன் ஹரிஸ் என்னும் வைத்தியருக்கு விற்றுவிட்டார். இன்றைய ஹரிஸ் பார்க் அவ்வைத்தியர் பெயரையே தாங்குகின்றது. அவரும் அதற்குமுன் இந்தியக் கடல்களிற் கப்பல் வைத்தியராயிருந்தவர். பின்னர் அங்கு எழுந்த குடிலிலும் அகன்ற விறாந்தையே முன்னிற்கின்றது. 1961 இல் நியூ சவுத் வேல்ஸ் தேசிய நம்பிக்கைப் பொறுப்பு முதன்முதலாக விலைகொடுத்து வாங்கிய வீடு அதுவாம். இரண்டையும் ஒரு பிற்பகலிற் பார்த்து முடித்து, பொழுதுபடுமுன் கோவிலுக்கும் போய்விடலாம்.